சொக்கம்மா செட்டு

திருவொற்றியூர் ரயில் சைடிங்கில் வேகன் வேகனாக நிலக்கரி வந்து நிற்கும். அதைக் கூடையில் வாரித் தலையில் தூக்கி, சாய்த்துப் போட்ட பலகைமேல் ஏறி ஒயர் கம்பெனிக்குப் போகும் லாரியில் கொட்டுவது பெண்களின் வேலை. காலையில் காண்டிராக்டரின் மேஸ்திரி இன்னாசி தண்டவாளக் கட்டை ஒன்றின்மேல் ஏறி நின்று, "சொக்கம்மா செட்டு ரெண்டாவது வேகன், கெங்கம்மா செட்டு கடைசி வேகன்" என்று கூவுவான். ஆஜர் எடுப்பது அவ்வளவுதான். சொக்கம்மாளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நடப்பார்கள். அவர்களுக்கும் பெற்றவர்கள் பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். அந்த யார்டில் அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லை.

சொக்கம்மாளுக்கு இதில் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "என் செட்டுன்னா இன்னாசி வாயத் தொறக்க மாட்டான்" என்பாள். நாற்பதைத் தாண்டிய உடம்பு, கரி ஏறி ஏறிக் கழுத்து மடிப்பெல்லாம் கறுத்த கோடு, எந்த நெரிசலிலும் இடம் பிடித்து முன்னால் போய் நிற்கிற குரல். புருஷன் மண்ணாங்கட்டி ரிக்ஷா இழுத்து இருமியே போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இரண்டு சொந்தங்கள்தான் மிஞ்சின. ஒன்று செட்டு. இன்னொன்று கட்சி.

கட்சி என்றால் சும்மா கொடி பிடித்தவள் இல்லை. அறுபத்தைந்தில் மறியலுக்குப் போய் ஜெயிலைப் பார்த்து வந்தவள். அறுபத்தேழு தேர்தலில் பகலெல்லாம் கரி தூக்கிவிட்டு, முகத்தைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் வீடு வீடாய் ஓட்டுக் கேட்கப் போனாள். "மூஞ்சி கரியாகீதேன்னு பாக்காத யம்மா, ஓட்டு வெள்ளையா போடு" என்பாள். கட்சி ஜெயித்தது. ஆட்சியும் வந்தது. வட்டக் கிளையில் அவளை ஒரு கமிட்டி உறுப்பினராகவும் போட்டார்கள். கமிட்டியில் அவள் ஒருத்திதான் பெண்.

எழுபதாம் வருஷம், மழை தொடங்குகிற நேரம், ஃப்ளோரன்ஸ் விழுந்தாள்.

ராயபுரத்துக் கிறிஸ்தவப் பெண். புருஷன் கப்பலில் போனவன் திரும்பவில்லை. சொக்கம்மா செட்டில் சின்னவள் அவள்தான். தூறலில் நனைந்த பலகை, தலையில் முழுக்கூடை. கால் வழுக்கி லாரிக்கும் வேகனுக்கும் நடுவே விழுந்தாள். தொடை எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று சொக்கம்மாள் பின்னால் சொல்வாள். தலையில் சும்மாடாய்ச் சுற்றியிருந்த தன் துண்டை உதறி, உடைந்த கூடையின் மூங்கில் பத்தையை வைத்துக் காலைக் கட்டி, காலி லாரி ஒன்றில் அவளை ஏற்றிக்கொண்டு நேராகத் தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேறெங்கும் போக அவளுக்குத் தோன்றவில்லை. அடிபட்டது தொழிலாளி, அது தொழிலாளர் ஆஸ்பத்திரி, நடப்பது நம் ஆட்சி.

வாசலில் கேட்டார்கள்: எந்தக் கம்பெனி? சம்பளத்தில் பிடித்தம் உண்டா? அட்டை எங்கே?

ஒன்றும் இல்லை. லாரி திரும்பியது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்துத் தரையில் இரண்டு நாள் கிடத்தியிருந்துவிட்டு, படுக்கை காலியானால் ஆபரேஷன் செய்யலாம், சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருக்கு, எந்த விலாசத்துக்குச் சொல்லி அனுப்புவது என்று எவரும் கேட்கவில்லை.

சொக்கம்மாள் இன்னாசியைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்களுக்கு இன்சூரன்ஸ் கெடியாதா? அத்தினி பேரு வேல செய்றோம்?"

"எத்தினி பேரு?" என்றான் இன்னாசி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "எங்கிட்ட வேல செய்றது எட்டு பேரு. நீ, கெங்கம்மா, அப்பால ஆறு பேரு. இருபது பேருக்குக் கொறஞ்சா எந்தச் சட்டம் யம்மா வரும்?"

"ஃப்ளோரன்ஸு யாரு?"

"உங்கூட வந்த பொம்பள."

எண்பது தொண்ணூறு பெண்கள் தினமும் கரி தூக்குகிறார்கள். சர்க்கார் கணக்கில் எட்டுப் பேர். ஒரு செட்டு என்றால் ஓர் ஆள். இந்த அயோக்கியத்தனத்தை எந்த வக்கீல் யோசித்து எழுதினானோ, எந்த அதிகாரி பார்த்துத் தலையாட்டினானோ தெரியாது. சொக்கம்மாளைக் கொன்றது வேறு. இத்தனை வருஷம் 'என் செட்டு, என் செட்டு' என்று அவள் மார் தட்டினாளே, அந்தப் பெயருக்குள்தான் இன்னாசி ஃப்ளோரன்ஸை ஒளித்து வைத்திருந்தான்.

சரி, கட்சி இருக்கிறது என்று நினைத்தாள். நேரமும் தோதாய் வந்தது. தொழிலாளர் காப்பீட்டைத் திருத்தப் போகிறார்கள், யோசனை சொல்லலாம் என்று மேலிடத்திலிருந்து ஒவ்வொரு வட்டத்துக்கும் தகவல் வந்திருந்தது. கிளைச் செயலாளர் ஜெயவேல் கூட்டம் போட்டான்.

ஜெயவேலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒயர் கம்பெனியில் நிரந்தர ஃபிட்டர். சொக்கம்மாளுக்கு இரண்டு வீடு தள்ளி வீடு. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பொய் சொல்லத் தெரியாத ஆள். கட்சிக்காரனுக்கு அது பெரிய குறை. அவன் மனைவி பூவம்மாளுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதத்தில் பாதி நாள் முகம் வீங்கிக் கிடப்பாள். அவனுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அவனுக்கு நோய் வந்தால் படுக்கை உண்டு. மனைவிக்கு மருந்துச் சீட்டு மட்டும், படுக்கை கிடையாது. நோய் தப்பான ஆளுக்கு வந்துவிட்டது.

சௌக்கத் அலியின் சைக்கிள் கடைக்கு மேலே கட்சிப் படிப்பகம். கூட்டத்துக்கு மாவட்டத் தொழிலாளர் அணியிலிருந்து அருள்பிரகாசம் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தங்க ஃப்ரேம் கண்ணாடி, பேசுவதெல்லாம் மேடைத் தமிழ். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார். நிரந்தரத் தொழிலாளரின் குடும்பத்தாருக்கும் ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும் என்பது முதல் பத்தி. 'ஒப்பந்தக் கூலிகள் பற்றிப் பின்னர் பரிசீலிக்கலாம்' என்பது கடைசி வரி.

ஜெயவேல் அந்த முதல் பத்தியை இரண்டு தடவை படித்தான். அறையில் இருந்த கம்பெனி ஆட்கள் எல்லோருக்குமே வீட்டில் ஒரு பூவம்மாள் இருந்தாள்.

சொக்கம்மாள் எழுந்தாள்.

"பின்னர்னா எப்போ?"

"அம்மையாரே, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்" என்றார் அருள்பிரகாசம். "எல்லோரையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் வண்டி தாங்காது. கருவூலத்தின் நிலையும் நாம் பார்க்க வேண்டும். இன்று ஆளுகிறவர்கள் நாம்."

"வண்டில ஏறுனவங்க குந்திக்கினு அப்பால வரவங்கள பாத்து 'எடம் இல்ல'ன்னு சொல்றது நான் பாத்துகினேதான் கீறேன். பஸ்ஸுல தெனம் நடக்குது. ஐயா, எங்கள வுட்டுட்டு நீங்க ஏறுனா எங்களுக்கோசரம் எவன் எறங்கி வந்து பேசுவான்? ஃப்ளோரன்ஸு கால் ஒடஞ்சி கெடக்குது. ஆஸ்பத்திரில அட்டை கேக்குறான். யார்டுல எட்டு பேருன்றான். நாங்க எத்தினி பேருன்னு மொதல்ல எண்ணச் சொல்லுங்க. செட்டுல இருக்கற ஒவ்வொருத்தியும் ஒரு ஆளுன்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுது. உன் பத்தி எதுவும் அடிக்க வாணாம். பூவம்மாளுக்கு பெட்டு வாணாம்னு எவ சொன்னா?"

அறை அசைந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் "அதானே" என்றார்கள். ஜெயவேல் பேனாவை எடுத்தான்.

அப்போதுதான் அருள்பிரகாசம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தன் தோளில் கிடந்த கட்சிக் கரை போட்ட புதுத் துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, அவள் தோளில் போர்த்தினார்.

"இப்படிப்பட்ட வீரத் தாய்மார்கள் இருக்கும்வரை இந்தக் கட்சியை எவராலும் அசைக்க முடியாது" என்றார்.

கை தட்டினார்கள். கட்சிக்குள் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துண்டு போர்த்தினால் பேச்சு முடிந்தது. போர்த்திக்கொண்டவர் கும்பிட்டுவிட்டு உட்கார வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் மரியாதை தெரியாத ஜென்மம். சொக்கம்மாளும் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் அப்படி உட்காருவதைப் பார்த்துக் கை தட்டியவள்தான். கை தன்னால் கூப்பியது. உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் ஓய்வதற்குள், "தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்படுகிறது" என்றார் அருள்பிரகாசம். கைதட்டல் எதற்கு என்று யாருக்குத் தெரியும்? இரண்டுக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

கீழே இறங்கும்போது சௌக்கத் அலி, பங்க்சர் ஒட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "யக்கா, பொணத்துக்கும் இப்பிடித்தான் துணி போத்துவாங்கோ. அப்பால அது பேசாது."

"சும்மா கெட பாய்" என்றாள். வீட்டுக்கு வந்து துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் வேலை. சும்மாட்டுத் துண்டு ஃப்ளோரன்ஸின் காலில் போயிற்று. அதை அவள் திரும்பக் கேட்பாளா? வீட்டில் இன்னொன்று இல்லை. கிழிந்த புடவைத் துணி தலையில் நிற்காது, வழுக்கும். கொடியில் கிடந்தது புதுத் துண்டு. கனமான கைத்தறி. சுற்றித் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கினாள். கோபத்தில் செய்தாளா என்றால், இல்லை. தலை நோகாமல் இருக்கச் செய்தாள். அன்று முழுக்கச் செய்ததில் அவள் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மாலைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. சொக்கம்மாள் தலைவர் போர்த்திய துண்டில் கரி கொட்டினாள். கட்சிக் கரையைக் காலில் போட்டு மிதித்தாள் என்றும் ஒருவன் சொன்னான். தீர்மானத்தைப் பற்றி வாயைத் திறக்காத பேர்வழிகள் எல்லாம் துண்டைப் பற்றி ரத்தம் கொதித்தார்கள். ஒருத்தியின் தொடை எலும்பு உடைந்து கிடப்பதைப் பார்த்து வராத ஆத்திரம், ஒரு முழத் துணி அழுக்கானதும் வந்துவிட்டது. விசாரணைக் கமிட்டி போட்டார்கள்.

ஜெயவேல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, மன்னாப்பு கேட்டுடு. அருள்பிரகாசம் நல்ல மாதிரியாத்தான் பேசுறாரு. நீ மன்னாப்பு கேட்டு, தீர்மானத்துல பாக்கி இருக்கற உன் கைநாட்டையும் வெச்சுட்டா, ஃப்ளோரன்ஸுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரில பெட்டு வாங்கித் தராராம். அவரு சொன்னா குடுப்பாங்க."

"இத்தினி நாளு ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியாம்."

அவன் பார்வையைத் திருப்பி, "பூவம்மாளுக்கு ராத்திரி மறுபடி வீங்கிடுச்சு" என்றான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது போல. இருக்கத்தான் செய்தது.

அவள் ஃப்ளோரன்ஸிடம் போனாள். காசிமேட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, தரையில் பாய். கால் இரண்டு மடங்கு வீங்கிப் பளபளத்தது. சொக்கம்மாள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்: படுக்கை கிடைக்கும், ஆனால் அந்த வரி போய்விடும்.

ஃப்ளோரன்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, பெட்டு குடுக்கறான்னா வாங்கு. எனக்கு நாயம் வாணாம். வலி நின்னா போதும்."

வலிக்கிறவளிடம் கொள்கை பேசுகிறவன் மனிதன் இல்லை. சொக்கம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கைநாட்டு வைப்பது என்றே முடிவு செய்துதான் விசாரணைக்கும் போனாள்.

படிப்பகத்தில் நாலு பேர் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அருள்பிரகாசம், ஓரத்தில் ஜெயவேல். மேசைமேல், அவளிடமிருந்து ஆள் விட்டு வாங்கிவந்த அந்தத் துண்டு, கொலை வழக்கில் கத்தியை வைப்பது போல.

"துண்டு விசயத்துல தப்பு என்னுதுதான்" என்றாள் சொக்கம்மாள். "தலைக்கு வேற துணி இல்ல. அது அழுக்காகிடும்னு எனக்குத் தோணல. மன்னாப்பு கேட்டுக்கறேன். தொவைச்சும் குடுத்துடறேன்."

அருள்பிரகாசம் பெருந்தன்மையாகச் சிரித்தார். மைப் பெட்டியை நகர்த்தினார். "இதோ, இங்கே. படுக்கைக்கு நாளைக் காலையில் ஆளை அனுப்புகிறேன்."

அவள் கட்டை விரலை மையில் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது. வேண்டுமென்று கேட்கவில்லை.

"ஐயா, நாளிக்கு கெங்கம்மா வுழுந்தா?"

"அப்போதும் என்னிடம் வாருங்கள்."

"அப்பால என் செட்டு சிலுவையம்மா வுழுந்தா?"

"என் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் அம்மா."

அவர் அதை மனமுவந்து சொன்னார். அதுதான் கொடுமை. அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி தெரிந்தது. கால் ஒடிந்த ஒவ்வொருத்தியும் தன் வாசலில் வந்து நிற்பதை இப்போதே பார்த்து மகிழ்கிற குளிர்ச்சி. ஆஸ்பத்திரி வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டால் இவர் வீட்டுக் கதவு எதற்குத் திறந்திருக்க வேண்டும்? பின்னர் பரிசீலிக்கலாம் என்ற வரி கருவூலத்துக்காக எழுதியதில்லை என்று சொக்கம்மாளுக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

விரலைப் புடவையில் துடைத்தாள்.

"ஜெயிலுக்குப் போறப்போ எந்த ஊட்டுக் கதவையும் தட்டிக்கினு நாங்க போவல. நாங்க எல்லாம் வந்து உன் வாசல்ல குந்தறதுக்கா இந்த ஆட்சிய கொண்டாந்தோம்?"

"அம்மையாரே, நிதானம்."

"நான் எதிர்க்கறேன்னு எழுதிக்கோ. அந்த 'ஏகமனதா'வ அடி. ஒரு மனசு இங்க எதுத்துகினு கீது."

எழுதவில்லை. கட்சிச் சின்னத்தை அவமதித்த குற்றத்துக்காக அவளை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். காப்பீட்டைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. ஜெயவேல் கீழே குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டான்.

அதைவிடக் கஷ்டம் காசிமேட்டுக்குத் திரும்பிப் போவது. போனாள். நடந்ததைச் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் கத்தவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"பெரிய கட்சிக்காரி நீ. என் ஒடஞ்ச கால்ல உன் கொடிய நட்டுக்கினே."

அதற்கப்புறம் பேசவில்லை. சொக்கம்மாள் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். வழியெல்லாம் அழுதாள். இனி அந்த வரி வராமல் போனால் ஃப்ளோரன்ஸ் சொன்னதுதான் உண்மை ஆகிவிடும்.

காலையில் இன்னாசி கட்டைமேல் ஏறினான்.

"சொக்கம்மா செட்டு, மொதல் வேகன்."

யாரும் நடக்கவில்லை.

"இன்னா, காது அட்ச்சிப் போச்சா? சொக்கம்மா செட்டு!"

"சொக்கம்மா இங்க கீறேன்" என்றாள் அவள். "செட்டுன்னு இங்க யாரும் இல்ல. மீதிப் பேர பேரு சொல்லிக் கூப்டு."

இன்னாசி சிரித்தான். பிறகு கெங்கம்மா செட்டைக் கூப்பிட்டான். கெங்கம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கும் அதே பேஜாருதான் மேஸ்திரி. எம்பேருக்கு நான் ஒருத்திதான். இதுங்கள இதுங்க பேரச் சொல்லிக் கூப்டு" என்றாள். எட்டுச் செட்டும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டன. காசிமேட்டிலிருந்து வந்த ராத்திரியே சொக்கம்மாள் ஒவ்வொரு குடிசையாய்ப் போயிருந்தாள். ஓட்டுக் கேட்டுப் பழகிய கால்தானே.

இன்னாசிக்கு அவர்களில் பத்துப் பேர் பெயர்கூடத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்று காண்டிராக்டர் உத்தரவு. தொண்ணூறு பெயரைச் சொன்னால் தொண்ணூறு ஆள் ஆகிவிடும். லாரிகள் வரிசையாய் நின்றன. வெளி ஆட்களைக் கூட்டிவந்து இறக்கப் பார்த்தார்கள். பெண்கள் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒயர் கம்பெனி பாய்லர் அணைகிற நிலைக்கு வந்தது. நிரந்தர ஆட்களைச் சம்பளம் இல்லாத லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மத்தியானம் ஜெயவேல் யார்டுக்கு வந்தான்.

"யக்கா, கட்சி சொல்லி அனுப்பிச்சு."

"நீக்குன ஆளாண்ட கட்சி பேசக் கூடாது நைனா. உனக்கு சட்டம் தெரியாதா? உன்னையும் தள்ளி வெச்சுடப் போறாங்கோ."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "என் வூட்ல சம்பளம் நின்னா பூவம்மாளுக்கு மருந்து நிக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உன் பாய்லரு எரியறது இவங்க தலையிலதான்னு உனக்குந்தான் தெரியும் ஜெயவேலு. இருந்துங்கூட பின்னாலன்னு எழுதுனே. அந்த ஆளு பூவம்மாள ஒரு பக்கமும் ஃப்ளோரன்ஸ ஒரு பக்கமும் நிக்க வெச்சி, எவ வேணும்னு கேட்டான். நீ பதில் சொன்னே. ரெண்டு பேரும் வேணும்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா நோவு?"

"ரெண்டும் கேட்டா ரெண்டும் வராது. எனக்கு அவ்ளோதான் பயம்" என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாது என்றோமே.

ஆனாலும் போனான். அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினான். அருள்பிரகாசத்துக்குச் சொல்லாமல் கூட்டினான். கட்சியில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது கட்சிக்காரனுக்குத்தான் தெரியும். தள்ளி வைக்கப்பட்டவள் உள்ளே வரக் கூடாது. சொக்கம்மாள் கீழே சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தாள். மேலே சம்பளம் நின்றுபோன கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவது கேட்டது. "பொம்பளைங்க சொல்லி கட்சி நடக்கணுமா" என்றது ஒரு குரல். "ஆமா, கரி மட்டும் பொம்பளைங்க தூக்கணும்" என்றது இன்னொன்று. கையைத் தூக்கி எண்ணச் சொன்னான் ஜெயவேல். சரிபாதியாய் நின்றது. கடைசிக் கை அவனுடையது.

இறங்கி வந்து சொன்னான்: "ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தலைக்கு ஒருவராக எண்ண வேண்டும், அவர்களையும் சேர்க்க வேண்டும். எழுதிட்டேன். உன் தண்டனை அப்பிடியேதான் கீது. அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"அது கெடக்கட்டும்" என்றாள்.

மறுநாள் இன்னாசி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பாய்லர் நிற்கிற நஷ்டம் காண்டிராக்டருக்கு உறைத்திருந்தது. சிலுவையம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவள் இடித்து, "உன்னத்தான் யம்மா" என்ற பிறகு, "ஐய, நானா" என்று எழுந்தாள்.

அந்த வரி மாவட்டத்துக்குப் போயிற்று. மேலே என்ன செய்வார்களோ. அருள்பிரகாசம் பழைய தீர்மானத்தை முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றும் பேச்சு. திருவொற்றியூர் வட்டத்திலிருந்து ஒரே விஷயத்தில் இரண்டு தீர்மானம் மேலே கிடந்தது. எதைப் படிப்பார்கள் என்பது படிக்கிறவர்களின் மனசாட்சியைப் பொறுத்தது. அதை நம்பித்தான் இந்த ஜனங்கள் பிழைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் வரி எழுதியதால் உடைந்த எலும்பு சேராது. ஃப்ளோரன்ஸுக்கு அட்டை இல்லை, சிபாரிசும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொக்கம்மாள் கையால் இழுக்கிற ஒரு மீன் வண்டியை வாடகைக்குப் பிடித்து, வைக்கோல் போட்டு, அதில் அவளைப் படுக்க வைத்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்காருவது, படுக்கை கொடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. செட்டுப் பெண்கள் பின்னால் நடந்து வந்தார்கள். ஃப்ளோரன்ஸ் இன்னும் அவளோடு பேசவில்லை; ஆனால் வண்டியில் ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கல்மண்டபம் தாண்டும்போது ஜெயவேல் எதிரே வந்தான். ஒன்றும் கேட்காமல் முன் கட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். பத்தடி போவதற்குள் வாயையும் திறந்தான்.

"இப்பவும் சொல்றேன் யக்கா, அந்தத் தீர்மானம் மொதல்ல போயி, ஆறு மாசம் கழிச்சு உங்க வரி போயிருந்தா ரெண்டும் நடந்திருக்கும்."

"ஆறு மாசத்துல இவ காலு அழுவிடும்."

"கட்சின்னா ஒரு மொற கீது."

"மொறயா? என்னைத் தள்ளி வெச்ச மொறயா? துண்டுக்கு ஒரு கமிட்டி போட்டீங்களே, காலுக்குப் போட்டீங்களா?"

"நான் கை தூக்குனேன்ல?"

"கடேசில தூக்குனே."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. வைக்கோலிலிருந்து ஃப்ளோரன்ஸ் தலையைத் தூக்கினாள்.

"தீர்மானத்த அப்பால பேசிக்கோங்க ரெண்டு பேரும்" என்றாள். "ரோட்டப் பாத்து இஸ்துகினு போங்க. உயிர் போவுது."